சுளிக்காத முகத்துக்கு மதிப்பெண் இல்லை

“துப்பணும்னா தாராளமாத் துப்பிக்கலாம். ஆனா துப்பறதுக்கு முன்னாடி ஒரு வாக்கியம் சொல்லிட்டுத்தான் துப்பணும். அதுதான் இங்க முறை.”

“எதுக்கு மேடம் துப்பணும்?”

“உங்களுக்குத் துப்பணும்போல இல்லையா?”

“இல்லையே. நல்லாத்தானே இருக்கு. இன்னொரு துண்டு கிடைக்குமா? காலையில ஒண்ணும் சாப்பிடாம ஓடி வந்துட்டேன்.”

மேடத்தின் பேனா காகிதத்தில் ஒரு புள்ளியை வைத்துவிட்டு அங்கேயே நின்றது. அன்றாட ஆங்கிலத் தேர்ச்சிக் கழகத்தின் தேர்வறையில் இப்படி ஒரு கேள்வியை இதுவரை யாரும் கேட்டதில்லை. மேசைமேல் வெள்ளை விரிப்பு. விரிப்பின்மேல் ஒரு கண்ணாடிக் கவிழ்ப்பு. அதற்குள், வெளிநாட்டிலிருந்து குளிர்பெட்டியில் பத்திரமாக வந்து சேர்ந்த சீஸ், உடம்பெங்கும் நீலமும் பச்சையுமாக நரம்போடிக் கிடந்தது. கவிழ்ப்பைத் தூக்கிய உடனே சுவரோரம் காத்திருந்தவர்கள் எல்லாரும் ஒன்றுபோலக் கைக்குட்டையை எடுத்தார்கள். ஒரு பெண்மணி கதவைப் பார்த்தார், கதவு சாத்தியிருந்தது, கண்ணை மூடிக்கொண்டார். குடலைப் பிடுங்கும் அந்த வாடைக்கு நடுவே இந்த மனிதர் மட்டும் பசியோடு வீடு திரும்பியவர்போல் கையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அவர் மீன்தூள் ஆலையில் வேலை பார்ப்பவர். சந்தையில் யாரும் சீண்டாத மீன், தலை, குடல், செதில் எல்லாம் அங்கே லாரியில் வந்து கொட்டும். வேகவைத்து, பிழிந்து, பெரிய உருளைக்குள் சூடு காட்டிக் காயவைத்து, அரைத்துக் கோழித்தீவனத்துக்கு அனுப்புவார்கள். காயவைக்கும் உருளை இவர் பொறுப்பு. அதனால் ஆலையில் இவரை எல்லாரும் டிரையர் என்றே கூப்பிட்டார்கள். உருளையின் மூடியைத் திறக்கும்போது எழும் ஆவியைப் பற்றிச் சொல்லப் புகுந்தால் கதை அதிலேயே முடிந்துவிடும். பேருந்தில் கூட்டம் நெரிந்தாலும் டிரையரின் பக்கத்து இருக்கை காலியாகவே வரும். கொஞ்ச காலம் அவர் அதை மரியாதை என்று நினைத்திருந்தார்.

அவர் மனைவி நர்ஸ். கடல் தாண்டிய ஒரு நாட்டில் முதியோர் இல்லம் ஒன்றில் வேலை. போன புதிதில் நாலு பேரோடு ஒரே அறையில் முடங்கிக் கிடந்தவளுக்கு இப்போதுதான் அந்த இல்லத்தின் பின்கட்டில் குடும்பத்தோடு தங்கும் அறை ஒன்றை ஒதுக்கியிருந்தார்கள். சின்னதாக ஒரு சமையல் மேடை, பூங்காவைப் பார்த்த ஜன்னல். மாதக் கடைசிக்குள் கணவருக்கு விசா கிடைத்துவிட்டால் அறை அவர்களுக்கு. இல்லாவிட்டால் அடுத்த நர்ஸுக்கு. விசா வேண்டுமானால் அந்த நாட்டுக்காரர்களுக்கு ஒரு சான்றிதழ் வேண்டும். இந்த ஊரில் அதைக் கொடுக்கும் அதிகாரம் இந்தக் கழகத்துக்கு மட்டும்தான்.

“ஒரு சின்ன சந்தேகம் மேடம்,” என்றார் டிரையர். “இங்கிலீஷ் பரீட்சைன்னு சொன்னாங்க. எழுத்து, வாசிப்பு ஒண்ணும் கிடையாதா?”

மேடம் பேனாவை மூடினார். “நீங்க அறிமுக வகுப்புக்கு வரலையா?”

வந்திருந்தார். ஆனால் அன்று இரவு ஷிப்ட் முடித்து நேராக வந்ததால் பாதியிலேயே உறங்கிப்போனார். மற்றவர்கள் அந்த வகுப்பில் கேட்டது இதுதான்.

கழகத்தின் நிறுவனர் இளம்வயதில் வெளிநாடு போயிருந்தபோது ஒரு பெரிய மனிதர் வீட்டு விருந்தில் இந்த சீஸை அவர் தட்டில் வைத்துவிட்டார்கள். மேசையில் இருந்த அத்தனை பேரும் அவர் வாயையே பார்த்தார்கள். நிறுவனர் மென்றார். கண்ணில் நீர் கோத்தது. நெற்றி நரம்பு புடைத்தது. பிறகு எல்லாவற்றையும் உள்ளே இறக்கிவிட்டு, “இன்ட்ரஸ்டிங்” என்றார். வீட்டுக்காரர் எழுந்து வந்து அவர் முதுகில் தட்டி, இவ்வளவு நல்ல ஆங்கிலத்தை எங்கே கற்றீர்கள் என்று கேட்டாராம். அன்றுதான் நிறுவனருக்கு ஞானம் பிறந்தது. ஆங்கிலம் சொற்களில் இல்லை, முகத்தில் தொடங்கி முகத்துக்குள்ளேயே அமுங்கிப் போவதுதான் ஆங்கிலம் என்று கண்டுகொண்டார். ஊர் திரும்பிக் கழகத்தைத் தொடங்கினார். கூடத்தில் அவருடைய பெரிய படம் மாட்டியிருந்தது. மென்றுகொண்டிருக்கிறாரா விழுங்கிவிட்டாரா என்று படத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. அதன் கீழே ஒரு பலகை: இங்கு வாடை இல்லை. இருப்பது பண்பு.

மதிப்பெண் முறையும் எளிமையானது. முகத்துக்கு நாற்பது. இடைவெளிக்கு முப்பது. வாக்கியத்துக்கு முப்பது. முகம் என்றால் முதலில் சுளிக்க வேண்டும். சுளிப்பது வெளியே தெரிவதற்குள் அதை மறைக்க வேண்டும். மறைத்தது மட்டும் தெரிய வேண்டும். இடைவெளி என்பது மறைப்பதற்கும் பேசுவதற்கும் நடுவே வரும் அமைதி. வாக்கியங்கள் மூன்றே மூன்று. ‘இன்ட்ரஸ்டிங்’ என்பது தொடக்க நிலை. ‘க்வைட் ஸ்ட்ராங், இஸின்ட் இட்’ இடைநிலை. ‘ஐ குட் கெட் யூஸ்ட் டு திஸ்’ என்பதைச் சொல்லி உயிரோடு எழுந்து போனவர்களுக்குக் கழகத்திலேயே வேலை கிடைக்கும். மேடம் அப்படி வந்தவர்தான்.

“உங்க முகத்துல ஒண்ணுமே நடக்கலை,” என்றார் மேடம். “அடக்கறதுக்கு உள்ள ஏதாவது இருந்தாத்தானே அடக்கினதுக்கு மார்க் போட முடியும்? முட்டை போடறேன். மறுதேர்வுக்கு வாங்க.”

“பிடிச்சிருக்குன்னு சொன்னது தப்பா மேடம்?”

“பிடிச்சிருக்குன்னு சொல்றதுக்கு எதுக்குங்க இங்கிலீஷ்?”

டிரையர் வெளியே வந்தபோது மரத்தடியில் சலூன்காரர் குனிந்து நின்று வாந்தி எடுத்துக்கொண்டிருந்தார். வெளிநாட்டில் அண்ணன் வைத்திருக்கும் முடிதிருத்தும் கடைக்குப் போவதற்காக இதே வரிசையில் வந்தவர். வாயைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தார். முகம் வெளுத்திருந்தாலும் பூரித்திருந்தது.

“எண்பத்தெட்டு மாப்ள. வாய்வரைக்கும் வந்துடுச்சு, பல்லைக் கடிச்சு நிறுத்திட்டேன். மேடம் எழுந்து நின்னு எழுதினாங்க.”

“எனக்கு முட்டை.”

“எடுத்துட்டியா வாந்தி?”

“இல்ல. ரெண்டாவது துண்டு கேட்டேன்.”

சலூன்காரர் அவரை மேலும் கீழும் பார்த்தார். பிறகு காற்று வரும் திசையைப் பார்த்து ஓரடி தள்ளி நின்றுகொண்டார். “உன்மேல தப்பில்ல மாப்ள. உன் மூக்கு எப்பவோ வேலையை ராஜினாமா பண்ணிட்டுப் போயிடுச்சு. நீதான் இன்னும் அதுக்கு முகத்துல இடம் குடுத்து வச்சிருக்க.”

அன்று மாலை மனைவி பேசினாள்.

“ஏங்க, பாஸா?”

“இல்லம்மா. எனக்கு அது நாறவே மாட்டேங்குது.”

அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம் கேட்டது. “நாறலேன்னா நாறற மாதிரி நடிக்க வேண்டியதுதானே. எங்க அப்பா முதல் தடவ உங்ககூட லிஃப்ட்ல வந்தாரே, ஞாபகம் இருக்கா? ஏழாவது மாடி வரைக்கும் அவர் முகம் எப்படிப் போச்சு? வெளிய வந்து, ‘மாப்பிள்ளை தங்கமானவரு’ன்னு சொன்னாரே. அதை அப்படியே செய்ங்க.”

“அவர் அப்பவே என்னைப் பாஸ் பண்ணிட்டாரேம்மா.”

“அவரு நூத்துக்கு நூறு வாங்கினாரு. அதைச் சொல்றேன்.” பிறகு குரல் தணிந்தது. “ஜன்னலுக்குத் திரைத்துணி பார்த்து வச்சிருக்கேன். நீங்க வந்தப்புறம் கலர் சொல்லுங்க.”

அதன்பிறகு ஆலை விட்டால் சலூன் என்று ஆனது. வாடிக்கையாளர் இல்லாத நேரத்தில் சலூன்காரர் டிரையரைக் கண்ணாடி முன்னால் உட்காரவைத்துத் துண்டு போர்த்தி முகம் பழக்கினார். புருவத்தைக் கொஞ்சம் ஏற்று. மூக்கு நுனியை இழு. இப்ப அதை மறை. மறைச்சதைக் காட்டு. டிரையர் கண்ணும் கருத்துமாகச் செய்தார். ஆனால் உருளைக்குப் பக்கத்தில் நின்று நின்று அவர் முகம் எதற்கும் அசையாத முகமாக ஆகியிருந்தது. வாயை இழுத்தால் காது ஆடியது.

மறுதேர்வில் துண்டு நாக்கில் பட்டவுடன் டிரையர் நாற்காலியோடு பின்னால் சாய்ந்தார், இரண்டு கையாலும் கழுத்தைப் பிடித்தார், ஒரு தும்மல் போட்டார், தரையில் கிடந்தபடி, “இன்ட்ரஸ்டிங்” என்றார்.

இயக்குநர் அறைக்குக் கூப்பிட்டார்கள்.

இயக்குநர் மெலிந்த உயரமான மனிதர். கோட்டுப் பையில் முக்கோணமாக மடித்த கைக்குட்டை வைத்திருப்பார். அந்தக் கைக்குட்டையை அவர் எடுத்ததை யாரும் பார்த்ததில்லை. மேசையில் சின்னத் தட்டில் அன்றைய துண்டு இருந்தது.

“எங்க பாடப்பொருளை அவமானப்படுத்திட்டீங்க,” என்றார். கழகத்தில் அதை சீஸ் என்று சொல்லக் கூடாது. “நடிப்பு வேற, ஆங்கிலம் வேற. நான் பொறுப்பு ஏத்த நாள்லேர்ந்து தினமும் ஒரு துண்டு சாப்பிடறேன். ஒரு நாள்கூட எனக்குப் பிடிச்சதில்லை. விடியும்போதே வயித்தைக் கலக்கும். ஆனா இதுவரைக்கும் யார்கிட்டயும் சொன்னதில்ல. என் மனைவிகிட்டகூட இல்ல. அவங்களும் என்கிட்ட எதையும் சொன்னதில்ல. வீடு அவ்வளவு அமைதியா இருக்கும். இந்த நிலைக்கு வர நான் எவ்வளவு பாடுபட்டிருப்பேன்னு உங்களுக்குப் புரியுமா?”

“புரியுது சார்,” என்றார் டிரையர். உண்மையிலேயே அவருக்குப் பாவமாக இருந்தது. “நான் வேணா இன்னைக்கு உங்க துண்டைச் சாப்பிட்டுடட்டுமா சார்?”

இயக்குநர் தட்டையே பார்த்தார். அந்த ஒரு நிமிடம் அவர் முகத்தில் என்னவோ ஓடியது. பிறகு மறைந்தது. மறைந்தது மட்டும் தெரிந்தது.

“நீங்க போகலாம்,” என்றார்.

ஆனாலும் கழகம் எளிதில் யாரையும் கைவிடும் நிறுவனம் அல்ல. பாடப்பொருள் போதாத மாணவர்களுக்கு மேல்நிலைப் பாடப்பொருள் தரலாம் என்று விதியில் இடம் இருந்தது. வேறொரு குளிர்நாட்டிலிருந்து தருவித்த தகர டப்பா ஒன்று அலமாரியில் நெடுநாளாகக் கிடந்தது. உள்ளே உப்பில் ஊறிப் புளித்த மீன். டப்பா இரண்டு பக்கமும் உப்பி, பானை வயிறுபோல் இருந்தது. மழைக்கோட்டும் கண்ணாடியும் மாட்டிக்கொண்டு காவலாளி அதைத் தேர்வறையில் திறந்தார்.

அதற்குப்பின் அங்கே நடந்ததை ஒழுங்காகப் பார்த்தவர் யாரும் இல்லை, பார்க்கக் கூடியவர்கள் எல்லாரும் தெருவுக்குப் போய்விட்டார்கள். காவலாளி முதலில் ஓடினார். மேடம் ஒரு செருப்போடு ஓடினார். இயக்குநர் ஓடவில்லை, வேகமாக நடந்தார். வாசல் தாண்டியதும் ஓடினார். எதிர்ப்பக்கம் இருந்த தையல்கடை வாசலில் மூச்சிரைக்க நின்று, “ஐயோ அம்மா, என் வயிறே வெளிய வந்துடும்போல இருக்கே,” என்று அவர் சொன்னதைத் தையல்காரரும் அவர் மனைவியும் கேட்டார்கள். இயக்குநருக்குத் தமிழ் தெரியும் என்பதே அவர்களுக்கு அன்றுதான் தெரியும்.

ஆளில்லாத கட்டடத்தில் டிரையர் மட்டும் உட்கார்ந்திருந்தார். திங்கட்கிழமை காலையில் ஞாயிறு முழுக்கக் கிடந்த மீனை உருளையில் போடும்போது வரும் வாசனை அது. ஆலைக்கு அன்று விடுப்பு போட்டிருந்தார். கூட வேலை செய்பவர்கள் நினைவுக்கு வந்தார்கள். முள்ளை ஒதுக்கிவிட்டு நிதானமாகச் சாப்பிட்டு முடித்தார். பிறகு விதிப்படி, ஆளில்லாத மேசையைப் பார்த்து, “க்வைட் ஸ்ட்ராங், இஸின்ட் இட்,” என்றார்.

‘விண்ணப்பதாரர் ஒத்துழைக்கவில்லை’ என்று மேடம் எழுதினார்.

மாதம் தேய்ந்துகொண்டே வந்தது. சலூன்காரரும் பறக்கவில்லை. தேர்ச்சி பெற்றாலும் சான்றிதழில் விசா தரும் நாட்டிலிருந்து வரும் ஆய்வாளர் கையெழுத்துப் போட்டால்தான் செல்லும். பழைய ஆய்வாளர் ஓய்வு பெற்றுப் புதிதாக ஒருவரை அனுப்புவதாகத் தகவல் வந்திருந்தது. கூடத்துக்கு வெள்ளை அடித்தார்கள். நிறுவனர் படத்தைத் துடைத்தார்கள்.

வந்தவர் வெளிநாட்டுப் பாட்டியம்மா. குட்டையான வெள்ளை முடி, காலில் நடைக்கு ஏற்ற கனத்த ஷூ, தோளில் ஒரு துணிப்பை. மறுதேர்வுக்காரர்களையும் கூடத்தில் வரிசையாக நிறுத்தி வைத்திருந்ததால் டிரையர் எல்லாவற்றையும் பார்த்தார். இயக்குநர் வரவேற்றுப் பேசினார். பாடப்பொருளை வெள்ளித் தட்டில் நீட்டினார். விருந்தினர் முதல் துண்டைச் சுவைத்து வாக்கியம் சொன்ன பிறகுதான் ஆய்வு தொடங்கும் என்பது மரபு.

பாட்டியம்மா வாயில் போட்டார். உடனே முகம் முழுவதும் கசங்கியது. துணிப்பையிலிருந்து காகிதத்தை உருவித் துப்பினார். “ஓ நோ,” என்றார். “தட்ஸ் டிஸ்கஸ்டிங்.” பிறகு கண்ணைத் துடைத்தபடி சிரித்துத் தண்ணீர் கேட்டார்.

மேடம் தன்னையறியாமல் மதிப்பெண் தாளை எடுத்திருந்தார். முகம், சுழி. இடைவெளி, சுழி. வாக்கியம், பட்டியலில் இல்லாதது.

அவசரக் கூட்டம் கூடியது. பாடப்பொருளின் முன்னால் வெளிப்படையாக முகம் சுளித்த எவரும் சான்றிதழில் கையெழுத்திடத் தகுதி அற்றவர் என்று ஒரு விதி இருந்தது. முன்பு ஒரு குமாஸ்தாவை நீக்குவதற்காகப் போட்ட விதி அது. இயக்குநர் எழுந்து பேசினார்.

“ஆங்கிலம் அவங்களுக்குத் தாய்மொழியா இருக்கலாம். அது அவங்க சொந்த விஷயம். தாய் கத்துக்குடுத்த மொழிக்கும் கழகம் கத்துக்குடுக்கிற மொழிக்கும் வித்தியாசம் இருக்கு. பிறந்த இடத்தைப் பார்த்து மார்க் போட்டா நாளைக்கு வெளிநாட்டுக்காரங்க எல்லாரும் இங்கிலீஷ் தெரியும்னு கிளம்பிடுவாங்க. அப்புறம் நாம எதுக்கு?”

கைதட்டினார்கள். பாட்டியம்மா தேர்ச்சி பெறும்வரை கையெழுத்து அதிகாரம் நிறுத்தி வைக்கப்பட்டது. தொடக்கநிலை வகுப்பில் சேர்ந்துகொள்ளுமாறு அவரைக் கேட்டுக்கொண்டார்கள். பாட்டியம்மாவுக்கு விமானம் மாதக் கடைசியில்தான். விடுதி அறையில் சுவரைப் பார்ப்பதைவிட இது தேவலாம் என்று நினைத்தாரோ என்னவோ, பையை மாட்டிக்கொண்டு வகுப்புக்கு வந்துவிட்டார். பின்வரிசையில் ஒரே ஒரு இடம்தான் காலி. எப்போதும்போல டிரையருக்குப் பக்கத்து இடம்.

அவர் உட்கார்ந்தார். மூக்கை உறிஞ்சினார். டிரையரைத் திரும்பிப் பார்த்து, “யூ ஸ்மெல் ஆஃப் ஃபிஷ்,” என்றார்.

டிரையருக்கு அது அப்படியே புரிந்தது. பேருந்தில், லிஃப்டில், மாமனார் வீட்டில், இத்தனை காலத்தில் ஒருவர்கூட முகத்துக்கு நேரே சொல்லாத வாக்கியம். அவருக்குச் சிரிப்பு வந்தது. “யெஸ்,” என்றார். “ஃபிஷ் ஃபேக்டரி. ஐ டிரை ஃபிஷ்.”

“குட் ஃபார் யூ,” என்று சொல்லிவிட்டு அவர் அங்கேயே உட்கார்ந்திருந்தார்.

இடைவேளையில் இருவரும் மாடிப்படி வளைவில் இருந்த ஜன்னலோரம் நின்றார்கள். “வின்டோ?” என்றார் பாட்டியம்மா. வெள்ளை அடித்ததில் ஒட்டிப்போயிருந்த கதவை டிரையர் தோளால் இடித்துத் திறந்தார். காற்று வந்தது. காற்று வந்தால் பேச்சும் வரும் அல்லவா.

“மை வைஃப், யுவர் கன்ட்ரி,” என்றார் டிரையர். “ஓல்டு பீப்பிள் ஹவுஸ். நர்ஸ். ஒன் ரூம். பார்க் சைடு வின்டோ.” பிறகு, “ஐ நோ பாஸ், நோ ரூம்.”

பாட்டியம்மா தலையசைத்தார். தன் கதையையும் சின்னச் சின்ன வாக்கியங்களாக உடைத்துக் கொடுத்தார். அவர் கணவருக்கு இந்த சீஸ் என்றால் உயிராம். கல்யாணம் ஆன நாள் முதல் வீட்டுக் குளிர்பெட்டியில் அது இருந்ததாம். தினமும் காலையில் பெட்டியைத் திறந்தவுடன் நாறுகிறது என்று இவர் கத்துவாராம். கணவர் சிரித்துக்கொண்டே ரொட்டியில் தடவித் தின்பாராம். ஆஸ்பத்திரியில் கடைசி நாளன்றுகூட, ஒரு தடவையாவது நல்லாயிருக்கு என்று சொல்லேன் என்று கேட்டாராம். முடியாது போ என்றாராம் இவர். அவர் சிரித்தபடி கண்ணை மூடினாராம்.

“நவ் மை ஃப்ரிஜ் ஸ்மெல்ஸ் ஆஃப் நத்திங்,” என்றார் பாட்டியம்மா.

டிரையருக்குத் தெரிந்த மூன்று வாக்கியங்களில் எதுவும் அந்த இடத்துக்குப் பொருந்தவில்லை. ஜன்னல் கதவை இன்னும் கொஞ்சம் தள்ளித் திறந்துவிட்டார்.

“என்ன நடக்குது இங்க?”

படியின்மேல் மேடம் நின்றுகொண்டிருந்தார். “ரெண்டு பேரும் இங்கிலீஷ்லயா பேசிக்கிட்டிருந்தீங்க? பாடப்பொருள் இல்லாம?”

“சும்மா பேசிக்கிட்டிருந்தோம் மேடம்.”

“சும்மாவா? வாயில ஒண்ணும் இல்லாம, கேட்டதுக்குப் பதில், பதிலுக்குக் கேள்வின்னு? இதுக்குப் பேர் என்ன தெரியுமா? அனுமதி இல்லாத உரையாடல். இப்படி ஜன்னலோரம் நின்னு எல்லாரும் கத்துக்கிட்டா கழகத்துக்குக் கட்டடம் எதுக்கு, கண்ணாடிக் கவிழ்ப்பு எதுக்கு?”

ஜன்னலைச் சாத்திவிட்டுப் போனார். இருவருக்கும் கடைசி வாய்ப்பு மாதக் கடைசி நாளில் என்று பலகையில் ஒட்டினார்கள். ஒட்டியதைப் பார்த்த சலூன்காரர் டிரையரைத் தெருமுனைக்கு இழுத்துக்கொண்டு போனார்.

“மாப்ள, கணக்கு புரியுதா உனக்கு? நீ பாஸ் ஆனாலும் அந்தம்மா பாஸ் ஆகாம உனக்குக் கையெழுத்து இல்ல. எனக்கும் இல்ல. உனக்குச் சுளிக்கத் தெரியல. அந்தம்மாவுக்கு மறைக்கத் தெரியல. ரெண்டு பேரையும் போட்டு அரைச்சு ஒரு ஆளாப் பிடிச்சு வச்சா ஃபர்ஸ்ட் கிளாஸ்ல வரும்.”

கடைசி நாள் காலை டிரையர் சட்டையை மாட்டிக்கொண்டிருந்தபோது மனைவி கூப்பிட்டாள். வழக்கமாக அவள் பேசும் நேரம் இல்லை.

“ஏங்க, நேத்து அந்த ரூமை வேற ஒரு பொண்ணுக்குக் காட்டினாங்க. அவ ஜன்னலுக்கு அளவெடுத்துக்கிட்டு நின்னா. நான்தான் டேப்போட இன்னொரு முனையைப் பிடிச்சேன்.”

“இன்னைக்கு சாயங்காலம் வரைக்கும் இருக்கே. விசா ஆபீஸ் மூடறதுக்குள்ள குடுத்துட்டாப் போதும்னு சொன்னாங்களே.”

“ஆமா, ஆமா. சும்மா சொன்னேன்.” பிறகு, “பரவாயில்லங்க. நீங்க சாப்பிட்டுட்டுப் போங்க,” என்றாள்.

அந்தப் ‘பரவாயில்லங்க’தான் அவரோடு பேருந்தில் வந்தது. காலியாக இருந்த பக்கத்து இருக்கையில் அதுதான் உட்கார்ந்து வந்தது.

தேர்வறையில் இயக்குநர், மேடம், பார்வையாளர்கள், சுவரோரம் சலூன்காரர். கவிழ்ப்பைத் தூக்கினார்கள். டிரையர் துண்டை வாயில் வைத்தார். எப்போதும்போல் சுவையாகத்தான் இருந்தது. மென்றுகொண்டிருக்கும்போதே யாருக்கோ டேப்பின் இன்னொரு முனையைப் பிடித்துக்கொண்டு நிற்கும் அந்தக் கை கண்ணுக்குத் தெரிந்தது. நெஞ்சுக்குள்ளிருந்து எதுவோ மேலே ஏறியது. அவர் முகம், எத்தனையோ காலமாக எதற்கும் அசையாத அந்த முகம், ஒரு முறை உடைந்தது. இத்தனை பேருக்கு நடுவில் அழுதால் நன்றாக இருக்காது என்று தோன்றி அதை உள்ளே தள்ளினார். வெகுநேரம் கழித்து டிரையர் வாயைத் திறந்தார்.

“இன்ட்ரஸ்டிங்.”

மேடம் கண்ணைத் துடைத்துக்கொண்டார். இயக்குநர் முதல்முறையாகக் கோட்டுப் பையிலிருந்த கைக்குட்டையை எடுத்தார். “நூறு,” என்றார், குரல் கம்ம. “நிறுவனருக்கு அப்புறம் இப்பத்தான் பார்க்கிறேன். என்ன ஒரு இங்கிலீஷ்.”

எல்லாரும் கைதட்டினார்கள். பின்னால் நின்றிருந்த பாட்டியம்மா மட்டும் தட்டவில்லை. டிரையரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சான்றிதழை மேசைமேல் வைத்தார்கள். சலூன்காரருடையது அதன் கீழே. இரண்டிலும் கையெழுத்துக்கான இடம் காலி. பக்கத்தில் பேனா. பேனாவுக்குப் பக்கத்தில் வெள்ளித் தட்டும் அதில் ஒரு துண்டும்.

“மேடம், ப்ளீஸ்,” என்று இயக்குநர் பாட்டியம்மாவுக்கு நாற்காலியை இழுத்துப் போட்டார். “ஒரே ஒரு வார்த்தை. சொன்ன அடுத்த நிமிஷமே பேனாவை எடுத்துக்கலாம்.” அதை ஆங்கிலத்தில் சொல்வதாக நினைத்துத் தமிழிலேயே சொல்லிவிட்டார்.

பாட்டியம்மா உட்கார்ந்தார். துணிப்பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து மடிமேல் விரித்துக்கொண்டார். துண்டை எடுத்தார். மூக்கருகே கொண்டுபோனார். அவர் முகத்தில் சுளிப்பு கிளம்புவது பின்வரிசை வரைக்கும் தெரிந்தது. அதோடு கூடவே ஒரு சிரிப்பும் கிளம்பியது. எந்தக் காலைவேளையை, எந்தச் சமையலறையை நினைத்துக்கொண்டாரோ.

சுவர்க் கடிகாரம் மூன்றைத் தாண்டியிருந்தது. விசா அலுவலகம் நகரத்தின் மறுகோடியில் இருந்தது. சலூன்காரர் கும்பிட்டபடி நின்றார்.

டிரையர் மேசையைச் சுற்றி வந்து பாட்டியம்மாவின் நாற்காலிக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தார். பட்டியலில் இல்லாத வாக்கியம் ஒன்று அவருக்கு வேண்டியிருந்தது. தெரிந்த சொற்களை எல்லாம் தேடிப் பொறுக்கி ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார்.

“அம்மா. ஐ நோ. யுவர் ஹஸ்பண்ட் ஆஸ்க், யூ சே நோ.” மேசைமேல் இருந்த பேனாவைக் காட்டினார். “டுடே ஐ ஆஸ்க். ஒன் டைம் ஒன்லி. ப்ளீஸ், டெல் ஒன் லை.”